இழுவிசைப் பட்டம்

இழுவிசைப் பட்டம் என்பது, அதைப் பிடித்திருப்பவரையோ அவர் ஏறியிருக்கும் வண்டி, பலகை, படகு ஆகியவற்றையோ இழுத்துச் செல்லும் வலுவுள்ள பட்டம். கடைகளில் ‘பவர் கைட்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஒற்றை நூல் காத்தாடி மேலே ஏறி ஓரிடத்தில் நிற்கும். இழுவிசைப் பட்டமோ இரண்டு, மூன்று அல்லது நான்கு நூல்களில் இயங்கி, கையசைவுக்கு ஏற்ப இடமும் வலமும் மேலும் கீழும் பாயும். பெரும்பாலானவற்றுக்கு வாலும் இல்லை, குச்சியும் இல்லை. பொழுதுபோக்குக்காகத் தொடங்குவோர் வாங்கும் முதல் பட்டத்தின் பரப்பு பொதுவாக அரைச் சதுர மீட்டரிலிருந்து 3 சதுர மீட்டர் வரை இருக்கும். அளவு, நூல்களின் எண்ணிக்கை, பறக்கவிடும் இடத்தின் காற்று ஆகிய மூன்றையும் பார்த்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றுள் அளவில் தவறினால் உடம்புக்கே கேடு.

வரலாறு

பட்டத்தின் இழுவையை வேலைக்குப் பூட்டி, அதை முறையான கலையாக்கியவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் (1774–1843). சிறுவயது முதலே பட்டங்களில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1824-ல் தம் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் அமர்த்தி, 30 அடிப் பட்டத்தால் ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினார். கிரிக்கெட் உலகம் என்றும் மறவாத டபிள்யூ. ஜி. கிரேஸ் இந்த மார்த்தாவின் மகன்.

1826-ல் கர்னல் ஜேம்ஸ் வைனியுடன் சேர்ந்து ‘சார்வோலன்ட்’ என்ற பட்டவண்டிக்குப் போகாக் காப்புரிமை பெற்றார். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இரண்டு பட்டங்கள், 450 மீட்டருக்கு மேல் நீளும் கயிற்றால் பல பயணிகள் அமர்ந்த வண்டியை இழுத்தன. முன்சக்கரங்களைத் திருப்ப ஒரு கைத்தண்டு இருந்தது. நிறுத்த வேண்டுமானால் ஓர் இரும்புக் கம்பி தரையில் ஊன்றி உராயும். போகாக்கின் உண்மையான சாதனை வண்டியில் இல்லை, கயிறுகளில் இருக்கிறது. முதன்மைக் கயிற்றோடு சேர்ந்த துணைக் கயிறுகளை இழுத்தும் தளர்த்தியும் பட்டத்தின் சாய்வையும் திசையையும் அவர் மாற்றினார். காற்று வீசும் திசையிலேயே போக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து பட்டம் விடுபட்டது அப்போதுதான். இன்றைய நான்குநூல் பட்டத்தின் அடிக்கருத்தும் அதுவே.

அக்காலத்துச் சாலைகளில் சுங்கம் குதிரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு வசூலிக்கப்பட்டது. பட்டவண்டிக்குக் குதிரை இல்லாததால் சுங்கமும் இல்லாமல் போயிற்று. 1827-ல் போகாக் தம் முறையை விளக்கிப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். 1828-ல் ஆஸ்காட்டில் மன்னர் நான்காம் ஜார்ஜின் முன்னிலையில் வண்டியை ஓட்டிக் காட்டினார். இவ்வளவு இருந்தும் அது பரவவில்லை. காற்று உள்ள நேரத்தில் மட்டுமே ஓடும் வண்டியை நம்பி யாரும் பயணம் வைத்துக்கொள்ள முடியாது. 1841-ல் லண்டன்–பிரிஸ்டல் ரயில்பாதை முழுமையடைந்தபோது அதற்கிருந்த கொஞ்ச நஞ்ச வாய்ப்பும் மறைந்தது.

அடுத்துக் குறிப்பிட வேண்டியவர் அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த சாமுவேல் கோடி. 1903 நவம்பரில், பட்டத்தால் இழுக்கப்பட்ட சிறு படகில் கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1908-ல் பிரிட்டனில் முதன்முதலாக எந்திர விமானம் ஓட்டியவரும் அவரே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பட்டத்தின் எலும்புக்கூடு கழன்றது. அமெரிக்காவின் பிரான்சிஸ் ரோகாலோ, மனைவி ஜெர்ட்ரூடுடன் சேர்ந்து, காற்றழுத்தத்தாலேயே வடிவம் பெறும் நெகிழ்சிறகை உருவாக்கினார். 1948-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1951-ல் கிடைத்தது. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டோமினா ஜால்பெர்ட் 1960-களில் ‘பாராஃபாயில்’ சிறகைக் கண்டார். மேல்துணி, கீழ்துணி என்று இரண்டு அடுக்கு. நடுவே துணியாலான தடுப்புகள். முன்விளிம்பில் திறந்த வாய்கள். காற்று அந்த வாய்கள் வழியே புகுந்து அறைகளை நிரப்பி, தளர்ந்து கிடந்த துணியை விமானச் சிறகின் வடிவத்துக்கு விறைக்கச் செய்கிறது. தடுப்புகளில் உள்ள துளைகள் அறைகளுக்கிடையே அழுத்தத்தைச் சமன்படுத்துகின்றன. இன்று தொடக்கநிலையாளர் கையில் எடுக்கும் பட்டங்களில் பெரும்பான்மை இந்த அமைப்பின் நேர்வாரிசு.

இதைப் பொழுதுபோக்காக மாற்றியது 1972-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸும் ரே மெரியும் உருவாக்கிய ‘ஃப்ளெக்ஸிஃபாயில்’. காற்றறைத் துணிச்சிறகின் முன்விளிம்பில் வளையக்கூடிய ஒரே ஒரு தண்டைச் செருகி, இரண்டு நூல்களில் ஆட்டும் பட்டம் அது. பல பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியும் பறக்கவிடலாம். அப்படி அடுக்கியவற்றால் இழுக்கப்பட்ட ‘ஜேக்கப்ஸ் லேடர்’ என்ற இரட்டையுடல் படகு 1982-ல் 25 நாட் வேகத்தைத் தொட்டது. மணிக்கு ஏறக்குறைய 46 கிலோமீட்டர். 1990 வாக்கில் நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டனைச் சேர்ந்த பீட்டர் லின், காலால் திருப்பும் மூன்று சக்கரப் பட்டவண்டியை எளிமையாகச் செய்து விற்றார். போகாக்கின் கனவு கடற்கரை மணலில் விளையாட்டாக நிறைவேறியது. பிரான்சின் புருனோ, டொமினிக் லெகேனியூ சகோதரர்கள் 1984-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஊதுகுழாய்ப் பட்டம், நீரில் விழுந்தாலும் மிதந்து மறுபடி எழும். அலைச்சறுக்கில் பட்டம் இடம்பிடித்தது அதனால்தான்.

காற்றும் இழுப்பும்

காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் எதிரே, நூலின் நீளத்தை ஆரமாகக் கொண்ட கால்கோள வெளியில்தான் பட்டம் பறக்க முடியும். இந்த வெளியின் ஓரங்களிலும் உச்சியிலும் இழுப்பு குறைவு. நேர் எதிரே, தாழ்வாக, நடுப்பகுதியில் மிக அதிகம். பட்டத்தின் விசை அதன் பரப்புக்கும், காற்று வேகத்தின் இருமடிக்கும் ஏற்பக் கூடும். காற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. இதோடு பட்டத்தின் சொந்த வேகமும் சேர்கிறது. 2 சதுர மீட்டர்ப் பட்டம் மணிக்கு 22 கிலோமீட்டர்க் காற்றில் அசையாமல் நின்றால் ஏறத்தாழ 4 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கும் என்று கொள்வோம். அதே பட்டம் காற்றைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் நடுவெளியைக் குறுக்கே கடந்தால் இழுப்பு ஒன்பது மடங்காகி 40 கிலோவை நெருங்கும். கடையில் கையில் ஏந்திப் பார்க்கும் துணிமூட்டை இதை ஒருபோதும் சொல்லாது. பெரிய பட்டத்தை வாங்கியவர் முதல் நாளே மணலில் முகம் குப்புற இழுபடுவது இந்த ஒன்பது மடங்கால்தான்.

முதல் பட்டம்

வேறு நோக்கம் எதுவும் இன்றி, மாலையில் திடலிலோ கடற்கரையிலோ பறக்கவிட்டு மகிழ விரும்புபவருக்கு ஏற்றது இருநூல் காற்றறைப் பட்டம், அகலம் 1.4 முதல் 2 மீட்டர். குச்சி இல்லாததால் மோதினாலும் முறிய எதுவும் இல்லை. மடித்தால் ஒரு சிறு பைக்குள் அடங்கும். வலக்கை இழுத்தால் வலம், இடக்கை இழுத்தால் இடம். கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். குழந்தைகளுக்கு 1.2 மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது, பெரியவர் ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். ஜெர்மனியின் ஹெச்.கியூ. நிறுவனத்தின் ‘சிம்பனி பீச்’, சியாட்டிலைச் சேர்ந்த ப்ரிசம் நிறுவனத்தின் ‘சினாப்ஸ்’ ஆகியவை இந்த வகையில் பலரும் அறிந்தவை.

பின்னாளில் அலைச்சறுக்குக்குப் போகும் எண்ணமுள்ளவர், கைப்பிடிகளுக்குப் பதிலாகத் தண்டு கொண்ட மூன்றுநூல் பயிற்சிப் பட்டத்தை 2 முதல் 3 சதுர மீட்டர் அளவில் வாங்கலாம். தண்டைக் கைவிட்டதும் மூன்றாம் நூல் பட்டத்தை முறுக்கி விசையிழக்கச் செய்து தரையில் இறக்கிவிடும். பட்டவண்டியோ சக்கரப்பலகையோ குறிக்கோள் என்றால் நான்குநூல் பட்டம் வேண்டும். அதன் கீழ் இரண்டு நூல்களும் தடைநூல்கள். அவற்றை ஒருசேர இழுத்தால் பட்டம் பின்னோக்கி இறங்கும், ஒன்றை மட்டும் இழுத்தால் நின்ற இடத்திலேயே சுழலும். ஆனால் நான்கு நூல்களையும் சமமாக வைத்துக்கொள்ளப் பொறுமை தேவை. எடுத்த எடுப்பிலேயே நான்குநூல் பட்டத்தில் தொடங்குவதை விட, இருநூலில் கை பழகிய பிறகு மாறுவதே நல்லது.

வாங்கும்போது அட்டையில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் அகலத்தையும் சில பரப்பையும் போடுகின்றன. 2 மீட்டர் அகலமுள்ள பட்டமும் 2 சதுர மீட்டர்ப் பரப்புள்ள பட்டமும் ஒன்றல்ல. பின்னது கணிசமாகப் பெரியது. அகலத்தோடு ஒப்பிட்டால் குட்டையான, தடித்த சிறகு மெதுவாகத் திரும்பும், காற்று விட்டுவிட்டு வீசினாலும் சுருங்காது. தொடக்கத்துக்கு அதுவே வேண்டும். நீண்டு ஒடுங்கிய பந்தயச் சிறகு வேகமானது, மன்னிக்காதது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 5 சதுர மீட்டர்ப் பட்டத்தை முதல் பட்டமாக வாங்கக் கூடாது.

நூல் பொதுவாக டைனீமா இழையாலானது. 20 முதல் 25 மீட்டர் நீளம். நீட்சி மிகக் குறைவு, வழுவழுப்பு அதிகம். அதனால் பட்டம் இரண்டு மூன்று முறை சுழன்று நூல்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டாலும் கட்டுப்பாடு குறையாது. ஆனால் இந்த இழை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பாய்ந்தோடும் ஒரு நூல் நிலையாக நிற்கும் மற்றொருவரின் நூலை ஒரே இடத்தில் உரசினால் நொடியில் அறுத்துவிடும். நூலின் முனையில் உறை போட்டுச் சுருக்குப் போட்டிருப்பார்கள். அந்தச் சுருக்கைப் பட்டத்தின் சூத்திரக் கயிற்று முனையில் உள்ள முடிச்சுக்குப் பின்னால் மாட்டி இறுக்க வேண்டும். இழுக்க இழுக்க இறுகும், தளர்த்தினால் விரலாலேயே கழற்றலாம். சில நாள் பறந்த பிறகு பட்டம் தானாக ஒரு பக்கம் சாய்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நூலைத்தான். இரண்டு முனைகளையும் ஒரே முளையில் மாட்டி நீட்டிப் பார்த்தால், அதிக இழுப்பு வாங்கிய நூல் சில சென்டிமீட்டர் நீண்டிருப்பது தெரியும்.

பறக்கவிடுதலும் பாதுகாப்பும்

கடலிலிருந்து கரை நோக்கி வீசும் சீரான காற்று மிகச் சிறந்தது. மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் பின்னால் காற்று சுழன்று கலங்கும். அந்தக் கலக்கம் தடையின் உயரத்தைப் போல் ஏழு மடங்கு தூரத்துக்கும் மேல் நீளும். பட்டத்தை மல்லாக்க விரித்து, பின்விளிம்பின் மேல் கொஞ்சம் மணலை அள்ளிப் போட்டால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாது. நூலை விரித்துப் பின்னால் நடந்து, கைப்பிடிகளை ஒருசேர இழுத்தால் அறைகள் நிறைந்து எழும். காற்று நிறைந்த பட்டம் தலைகீழாகத் தரையில் அறைந்தால் உள்தடுப்புகள் கிழியும். குச்சி இல்லை என்பதால் அலட்சியம் கூடாது.

எவ்வளவு இழுத்தாலும் நூலை விரலிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது. மணிக்கட்டுப் பட்டை உள்ள பட்டமே வாங்க வேண்டும். நான்குநூல் பட்டங்களில் இந்தப் பட்டை தடைநூல்களோடு இணைந்திருப்பதால், கைப்பிடியை விட்டதும் பட்டம் துவண்டு விழும். மின்கம்பி, சாலை, விமான நிலையம் ஆகியவற்றின் அருகிலும் இடி முழங்கும் வானிலையிலும் பறக்கவிடக் கூடாது. காற்று போகும் திசையில், நூலின் நீளத்துக்கும் அப்பால் வரை ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. பிரிட்டனில் பொதுவாக 60 மீட்டர் உயரமே எல்லை. இந்தியாவின் 1934-ஆம் ஆண்டு வானூர்திச் சட்டம் பட்டத்தையும் ‘வானூர்தி’ என்ற சொல்லுக்குள் அடக்கியிருந்தது.

இன்றைய நிலை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், பட்ட அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றது. பெண்கள் பிரிவில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் ஆண்கள் பிரிவில் ஆஸ்திரியாவின் வாலன்டின் பொன்டுஸும் தங்கம் வென்றனர். இலங்கையில் கற்பிட்டியும் மன்னாரும், தமிழகத்தில் ராமேஸ்வரம் கரையும் இந்த விளையாட்டின் களங்கள். கற்பிட்டியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை முதன்மைப் பருவம். பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் மாணவரை நீரில் இறக்கும் முன் கரையில் நிறுத்தி, சிறிய பயிற்சிப் பட்டத்தையே முதலில் கையில் கொடுக்கின்றன.