வாகன மாற்றங்களும் உற்பத்தியாளர் வாரண்டியும்: வேளாங்கண்ணி வட்டாரம்

உற்பத்தியாளர் வாரண்டி என்பது, வாகனத்தின் மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ குறை தெரிந்தால், குறித்த காலத்துக்குள் அல்லது கிலோமீட்டருக்குள் அந்தப் பாகத்தைச் செலவின்றிச் சரிசெய்தோ மாற்றியோ தருவதாக நிறுவனம் எழுத்தில் கொடுக்கும் உறுதி. ஷோரூமை விட்டு வந்தபின் உரிமையாளர் வெளிக்கடையில் பொருத்தும் விளக்கு, ஹாரன், சக்கரம், சைலன்சர், கேஸ் கிட் ஆகியவை அந்த உறுதியை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு இந்தியச் சட்டத்தில் ஒரே இடத்தில் விடை இல்லை. வாரண்டிப் புத்தகம், போட்டி ஆணையத்தின் 2014ஆம் ஆண்டு ஆணை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் ஆகிய நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். படித்தால் தெளிவது இது: கேட்க வேண்டிய கேள்வி "வண்டியில் மாற்றம் செய்தீர்களா?" என்பதல்ல, "பழுதுக்குக் காரணம் அந்த மாற்றம்தானா?" என்பது. சர்வீஸ் சென்டரில் "வெளியே வேலை பார்த்துட்டீங்க, வாரண்டி போச்சு" என்று சொல்லப்படும்போது இந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

வட்டாரத்தில் நடக்கும் மாற்றங்கள்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வங்கக் கடலோரத்தில் இருக்கிறது வேளாங்கண்ணி. ஒரு பக்கம் உப்புக்காற்று, மறுபக்கம் காவிரிக் கடைமடையின் நெல்வயல். மாதா கோவில் திருவிழாவின் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை வெளியூர் வண்டிகள் ஊரை நிறைக்கின்றன. இங்கே வண்டிகளில் செய்யப்படும் மாற்றங்களில் பலவும் அழகுக்காகச் செய்யப்படுபவை அல்ல; தொழிலும் பயணமும் கேட்பவை.

மின் இணைப்புகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வேனிலும் காரிலும் ஃபாக் லைட், எல்இடி பார், கூடுதல் ஹாரன் போடாதவர் குறைவு. கப்ளரும் ரிலேயும் வைத்து, தனி ஃபியூஸோடு செய்தால் கம்பெனி வயரிங்கைத் தொடவே வேண்டியதில்லை. வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விட்டால், உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்து, மின்தடை ஏறி, இணைப்பு சூடாகத் தொடங்கும். அதன்பிறகு விளக்குகளை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் பழுதானால், வெட்டிய வயரைக் காட்டி நிறுவனம் மறுப்பது நியாயமே. அதே வண்டியில் கியர்பாக்ஸ் பேரிங் சத்தம் போட்டால், அந்த வயருக்கும் பேரிங்குக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. விளக்கின் தாங்கியை மாட்ட உடற்தகட்டில் துளை போட்டிருந்தால், துளையைச் சுற்றித் துரு கிளம்புவதற்குக் கடலோரத்தில் அதிக நாள் பிடிக்காது. துரு பற்றிய வாரண்டி அந்த இடத்தோடு முடிகிறது.

அடுத்தது சரக்கு வண்டி. டாடா ஏஸ் 2005இல் வந்தபின் "குட்டி யானை" என்ற பெயரே அந்த வகை வண்டிக்கெல்லாம் நிலைத்துவிட்டது. மீன் பெட்டியும் ஐஸும் ஏற்ற, பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்க்கிறார்கள். தொட்டியின் பக்கத் தகடுகளை உயர்த்துகிறார்கள். பட்டை கூடினாலும் அச்சும் பிரேக்கும் பழைய அளவிலேயேதான் இருக்கின்றன. ஆகவே சஸ்பென்ஷன், பின் அச்சு, வீல் பேரிங், சேசிஸ் விரிசல் எல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும். பாதயாத்திரைக் குழுக்களோடு வரும் வண்டிகளில் மாதா சொரூபம் வைத்த சப்பரம், சீரியல் செட், சவுண்ட் செட் இருக்கும். தனி ஜெனரேட்டர் வைத்தால் வண்டிக்குச் சேதமில்லை. வண்டியின் பேட்டரியிலிருந்தே எடுத்தால் ஆல்டர்னேட்டர் இரவெல்லாம் முழுச் சுமையில் ஓடும்.

டிராக்டர் விஷயம் டெல்டாவுக்கே உரியது. குறுவைக்கும் சம்பாவுக்கும் சேற்றுழவு செய்யப் பின்சக்கரத்தில் இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். சேறும் நீரும் ஆயில் சீல் வழியாக அச்சுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் நுழையப் பார்க்கும். சேற்றுழவுக்கென்றே சீல்களை வலுப்படுத்திய மாடல்கள் விற்பனையில் உள்ளன. அப்படிப்பட்ட மாடலைச் "சேற்றுக்கு ஏற்றது" என்று சொல்லி விற்றுவிட்டு, சீல் கசியும்போது கேஜ் வீலைக் காரணம் காட்டுவது எடுபடக் கூடாது. விற்பனையின்போது தரும் விளம்பரத் தாளை விவசாயி பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டுவது வேறு விஷயம். அது அச்சையும் உலுக்கும், சாலையையும் கிழிக்கும். டீசல் பம்பின் சீலை உடைத்து இழுவையைக் கூட்டினாலும், டிராக்டரின் திறனுக்கு மீறிய ரோட்டவேட்டரை மாட்டினாலும் எஞ்சின், கிளட்ச், ஹைட்ராலிக் வாரண்டியில் உரிமையாளரின் பக்கம் பலவீனமாகிவிடும்.

2014ஆம் ஆண்டு ஆணை

வாரண்டிப் புத்தகங்களின் விலக்குப் பகுதி மிக அகலமாக எழுதப்படுவது வழக்கம். அந்த அகலத்துக்கு எல்லை போட்டது ஷம்ஷேர் கட்டாரியா தொடுத்த வழக்கு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குக் கிடைக்காமல் செய்தது முக்கியக் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி மொத்தமாக ரத்து என்ற நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டால் அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பதும் ஆணையில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியதால் அதன்மீதான ஆணை 2015 ஜூலையில் தனியாக வந்தது; அபராதம் சுமார் 420 கோடி. அபராதத் தொகைகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆணை பேசியது பழுதுபார்ப்பைப் பற்றி. மாற்றங்களைப் பற்றி நேராக அல்ல. ஆனாலும் சேதத்துக்கும் வெளிவேலைக்கும் தொடர்பு காட்ட வேண்டும் என்ற அதன் நெறி மாற்றங்களுக்கும் பொருந்துவதுதான் முறை.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், தன் பிராண்டு பாகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. இதற்கு நிகராக வெளிப்பாகங்களைப் பெயர் சொல்லிக் காக்கும் தனிச்சட்டம் இந்தியாவிலும் வர வேண்டும்.

மறுக்கப்பட்டால்

மறுப்பையும் அதன் காரணத்தையும் ஜாப் கார்டிலோ கடிதத்திலோ எழுதி வாங்குவதே முதல் வேலை. வாய்ச்சொல்லை வைத்து வழக்கு நிற்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வேளாங்கண்ணிக்காரர் நாகப்பட்டினம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காலவரம்பு 2 ஆண்டுகள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எதிர்பார்ப்புக்கும் எல்லை உண்டு. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் காப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல், பாகத்தை மாற்றித் தருவதே வாரண்டியின் உறுதி என்னும்போது முழுக் காரையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்றது. 2019 சட்டத்தின் 87ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்தபோது பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்பனையாளர் மீது பொருட்பொறுப்பு வழக்குப் போட முடியாது என்கிறது.

ஆர்சி வேறு, இன்ஷூரன்ஸ் வேறு

வாரண்டி நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தம். பதிவுச் சான்று (ஆர்சி) அரசோடு உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள உற்பத்தியாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. கேஸ் கிட்டுக்கு ஆர்சியிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் பதிவு வேண்டும்.

வாரண்டிக்குத் திரும்பினால், எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதும் ரிமேப்பில் மட்டும் நிறுவனத்தின் பக்கமே நியாயம் அதிகம். டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் என்று விசை போகும் பாதை முழுவதும் கூடுதல் சுமை ஏறுகிறது. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற பதிவு பல வண்டிகளில் அழியாது.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்

மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை இலவசமாக வழங்குகிறது. சொந்தப் பணத்தில் வாங்கி வெளியே சக்கரம் பொருத்துபவர்களும் உண்டு. விருப்பத்துக்காக மாற்றியவரையும், மாற்றாமல் ஓட்டவே முடியாதவரையும் வாரண்டிப் புத்தகத்தின் ஒரே வரியில் அடைப்பது அநீதி. பின் அச்சிலோ ஃபிரேமிலோ பழுது வந்தால் வாதத்துக்கு இடமுண்டு. எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் அந்தச் சக்கரங்கள் தொடுவதில்லை. சக்கரம் பொருத்தும் முன்பே எந்தெந்தப் பாகத்துக்கு வாரண்டி தொடரும் என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, மாற்றத்தை நாகப்பட்டினம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்சியில் ஏற்றிக்கொண்டால், பின்னர் நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்க இரண்டு ஆவணங்கள் கையில் இருக்கும்.