யாருடைய இனப்படுகொலை? கம்போடியப் பள்ளி வரலாற்றில் ஒரு சொல்

இனப்படுகொலையைக் குறிக்கக் கெமர் மொழியில் வழங்கும் தொடரின் முதற்சொல் தமிழருக்கு அந்நியமானதன்று. நாம் அறிந்த 'பிரளயம்'தான் அது. அடுத்து வருவது விதை, குலம் எனப் பொருள்படும் சொல். மூன்றாவது, நாம் கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் வழங்கும் 'சாசனம்'. அங்கே அது சமயம், இனம் என்று பொருள் விரிந்து நிற்கிறது. ஒரு குலத்தை வித்தோடு அழிக்கும் ஊழி என்பது தொடரின் கருத்து. 1944இல் ரஃபேல் லெம்கின் கிரேக்க வேரையும் லத்தீன் வேரையும் ஒட்டவைத்து ஆக்கிய சட்டச் சொல்லைவிட இது அகலமானது. சட்டம், அழிக்கப்பட்டது எந்தக் குழு என்று கேட்கும்; ஊழிக்கு அந்தக் கேள்வி கிடையாது. கம்போடியப் பள்ளிகளில் இந்தப் பாடம் இடறும் இடம் இந்த இடைவெளிதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கெமர் ரூஜ் எனப்பட்ட கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நீடித்தது. ஏறத்தாழ 80 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் 17 லட்சம் முதல் 22 லட்சம் பேர் மாண்டனர் என்பது மக்கள்தொகை வல்லுநர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் பெரும்பான்மைக் கெமர் இனத்தவர், கொன்றவர்களும் கெமர்களே. 1948ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை தேச, இன, இனக்குழு, சமயக் குழுக்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. அரசியல் பகைவர்களையும் வர்க்கப் பகைவர்களையும் அது சேர்க்கவில்லை. ஆகவே, வயலில் பட்டினியால் செத்த கெமர் உழவரின் சாவு கொடுங்குற்றமாக இருந்தும், சட்டத்தின் கண்ணில் இனப்படுகொலை ஆகாது.

அப்படியிருக்க இந்தச் சொல் பள்ளிக்குள் வந்தது எப்படி? வியட்நாம் படையின் துணையோடு அமைந்த புதிய அரசு 1979 ஆகஸ்டில் புனோம் பென்னில் ஒரு மக்கள் தீர்ப்பாயத்தைக் கூட்டி, கெமர் ரூஜ் தலைவர்களான பொல் பாட், இயெங் சாரி இருவரையும் அவர்கள் முன்னிலையில் இல்லாமலே விசாரித்து, இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அதன்பின் அந்த அடைமொழி இல்லாமல் அவ்விருவர் பெயரும் அச்சேறவில்லை எனலாம். எண்பதுகளின் தொடக்கநிலை வாசிப்பு நூல்களில்கூடக் கொலைக் காட்சிகள் படமாக வந்தன. மே 20 'கோபத்தைக் கட்டிவைக்கும் நாள்' என்று கடைப்பிடிக்கப்பட்டது. இறந்தோர் 33 லட்சத்துக்கு மேல் என்ற அரசுக் கணக்கு பாடமாயிற்று. பயிற்றுவித்தவர்களில் பலர் முறையான ஆசிரியர்கள் அல்லர். ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் மாண்டோ நாட்டைவிட்டு ஓடியோ போயிருந்தமையால், கூடுதலாகத் தெரிந்தவர் குறைவாகத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதே அன்றைய வழி.

  

எண்பதுகளின் பாடத்தில் கொடூரத்துக்குக் குறைவில்லை, இல்லாதது சான்று. குற்றம் முழுவதையும் இரண்டு பெயர்கள்மேல் ஏற்றிவிட்டால், கட்சிக்குள் இருந்து பின்னர் அணி மாறியவர்கள் அனைவரும் தப்பித்துவிடுகிறார்கள். புதிய அரசின் தலைவர்கள் பலரும், பின்னாளில் பிரதமரான ஹுன் சென் உட்பட, கெமர் ரூஜ் படையிலிருந்து பிரிந்து வந்தவர்களே. பிள்ளைகள் சினத்தைக் கற்றார்கள். ஆட்சி எப்படி இயங்கியது என்பதைக் கற்கவில்லை.

1991இன் பாரிஸ் ஒப்பந்தத்தில் கெமர் ரூஜும் ஒரு தரப்பு. ஒப்பந்தத்தில் இனப்படுகொலை என்ற சொல்லே இல்லை. பாடநூலிலிருந்தும் பொருள் மெல்ல நழுவியது. 1998 டிசம்பரில் சரணடைந்த கெமர் ரூஜ் தலைவர்கள் நுவான் சியாவையும் கியூ சாம்பானையும் வரவேற்ற ஹுன் சென், குழி தோண்டிப் பழையதைப் புதைத்துவிடலாம் என்ற பொருளில் பேசினார். 2002இல் 12ஆம் வகுப்பின் நவீன வரலாற்று நூல் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம் கெமர் ரூஜ்கூட இல்லை. 1993 தேர்தலில் ஒரு கட்சி பெற்ற வெற்றியை அது விட்டுவிட்டது என்ற சச்சரவு. ஆனால் அந்தச் சண்டையில் நவீன வரலாறு முழுதும் வகுப்பைவிட்டு வெளியேறியது.

இந்த வெற்றிடத்தில்தான் 2007இல் கம்போடிய ஆவண மையம் கெம்போலி தி எழுதிய 'ஜனநாயகக் கம்பூச்சியாவின் வரலாறு' நூலை வெளியிட்டது; ஜனநாயகக் கம்பூச்சியா என்பது கெமர் ரூஜ் தன் அரசுக்கு இட்ட பெயர். கெமர் ஒருவர் இப்பொருள்பற்றிப் பள்ளிக்கென எழுதிய முதல் நூல் என்ற பெருமை அதற்கு உண்டு. 2009 முதல் கல்வி அமைச்சகத்தோடு சேர்ந்து ஆசிரியர் பயிற்சியும் நடந்தது. அதே ஆண்டு பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம் வெளியிட்ட கள ஆய்வில், அந்த ஆட்சிக்குக் கீழ் வாழாதவர்களில் ஐந்தில் நால்வர் தமக்கு அதுபற்றித் தெரிந்தது மிகக் குறைவு என்றனர். வீட்டில் பாட்டி சொன்னதை நம்பாத பிள்ளைகளுக்கு, அச்சில் ஒரு நூல் வந்தது பெரிய காரியம்.

ஆயினும் 2018 நவம்பர் 16 அன்று கெமர் ரூஜ் குற்றங்களை விசாரித்த கம்போடியாவின் சிறப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்போடு பள்ளிப் பாடம் இன்னும் முழுதாகக் கணக்குத் தீர்க்கவில்லை என்பது என் மதிப்பீடு. நுவான் சியா, சாம் முஸ்லிம்களையும் வியட்நாமியரையும் இனப்படுகொலை செய்த குற்றத்துக்கும், கியூ சாம்பான், வியட்நாமியர்மீதான இனப்படுகொலைக்கும் தண்டிக்கப்பட்டனர். கெமர் மக்கள்மீது நிகழ்ந்தவை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற தலைப்பின்கீழ் வந்தன. இதன் பொருள் கசப்பானது. நாடு முழுவதும் 'நம்மீது நடந்த இனப்படுகொலை' என்று சொல்லி வந்த சொல், நீதிமன்றத்தில் கம்போடியா இன்றும் ஐயத்தோடும் இகழ்ச்சியோடும் பார்க்கும் ஒரு மக்கள்மீது போய் நின்றது. வியட்நாமியரைக் குறிக்க அங்கே வழங்கும் வசைச்சொல் அரசியல் மேடைகளில் அடிக்கடி கேட்டதுதான்.

இந்த வேறுபாட்டைக் கற்பித்தால் கெமர் குடும்பங்களின் துயரம் இரண்டாந்தரம் ஆகிவிடாதா? இது பொய்யான அச்சம் அல்ல. தாத்தாவை இழந்த மாணவரிடம் 'அது வேறு பிரிவு' என்று சொல்லும் ஆசிரியரின் நிலையை நினைத்தாலே போதும். ஆனால் குற்றத்தின் பெயர் துயரத்தை அளக்கும் அளவுகோல் அன்று. மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் கீழ்ப்படியில் இருக்கும் குற்றமும் அன்று. வேறுபாட்டை மறைத்தால் இழப்பு கொல்லப்பட்ட சிறுபான்மையினருக்கே. 1975க்குப் பின் நாட்டில் எஞ்சியிருந்த வியட்நாமியர் சுமார் 20,000 பேர். அவர்களில் உயிர் பிழைத்தவரைக் காண்பது அரிது. பாடநூலில் அவர்கள் 'கம்போடிய மக்கள்' என்ற ஒற்றைத் திரளுக்குள் கரைந்துபோகும்போது, அவர்கள் ஏன் தனியே தேடிக் கொல்லப்பட்டார்கள் என்ற கேள்வியும் கரைந்துபோகிறது. அந்தக் கேள்விதான் இன்றைய மாணவரின் சொந்த மனத்தைத் தொடுவது.

கற்பிக்கும் முறைக்கு வருகிறேன். புனோம் பென்னில் கெமர் ரூஜின் எஸ்-21 சிறையாக மாறிய துவோல் ஸ்லெங், அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைகள் செங்கல் அறைகளாகத் தடுக்கப்பட்டன. அங்கே குறைந்தது 12,000 பேர் கொல்லப்பட்டனர். மாணவர்களைப் பேருந்தில் அழைத்துச் சென்று புகைப்படங்களின் முன் நிறுத்துவது எளிது; அது எண்பதுகளின் பாடத்தையே மீண்டும் நடத்துவது ஆகலாம். எனக்கு முதன்மையாகப் படுவது அங்கே மிஞ்சிய வாக்குமூலங்கள். கைதி தன் வரலாற்றை எழுதவேண்டும். விசாரிப்பவருக்குத் திருப்தியாகும்வரை திரும்பத் திரும்ப எழுதவேண்டும். சி.ஐ.ஏ., கே.ஜி.பி., வியட்நாம் என மூன்றுக்கும் வேலை செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. ஒவ்வொருவரும் தம் 'சரட்டில்' கோத்தவர்களின் பெயர்களைத் தரவேண்டும். பெயர் வந்தவர் அடுத்த கைதி.

இந்தத் தாளில் உள்ள செய்தி ஏறக்குறைய அனைத்தும் பொய். ஆனால் தாள் உண்மை. பதினாறு வயது மாணவர் இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளக் கற்றால், ஆவணம் என்றால் என்ன என்பதைக் கற்றவர் ஆவார். அவரே 33 லட்சத்தையும் 17 லட்சத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றையும் எண்ணியவர் யார், எதற்காக எண்ணினார் என்று கேட்பார். எண் குறைந்ததால் குற்றம் குறைந்தது என்று நினைக்கமாட்டார்.

வடக்கே அன்லோங் வெங்கில் இப்படிக் கற்பிப்பது கடினமாகும். கெமர் ரூஜின் கடைசிக் கோட்டை அது. பொல் பாட்டின் உடல் எரிக்கப்பட்ட இடம். படைத்தலைவர் தா மோக், அங்கே பள்ளியும் மருத்துவமனையும் கட்டித்தந்தவர் என்று நன்றியோடு நினைக்கப்படுகிறார். அந்தப் பள்ளியில் பழைய படையினரின் பேரப்பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். ஆவண மையம் அங்கே ஓர் அமைதி மையம் நடத்துகிறது. தாத்தாவைக் குற்றவாளி என்று அழைக்காமல், அவர் செய்ததைக் குற்றம் என்று சொல்லும் வழி அங்குள்ள ஆசிரியருக்கு வேண்டும். அந்த வழியை எந்தக் கையேடும் முழுதாகத் தந்துவிட முடியாது.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் கெமர் ரூஜ் குற்றங்களை மறுப்போருக்கு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நீதிமன்றம் உறுதிசெய்த குற்றங்களை மறுப்பதையே அது தண்டிக்கிறது. ஆகவே, தன் கெமர் தாத்தாவுக்கு நேர்ந்ததைச் சட்டம் இனப்படுகொலை என்று அழைக்கவில்லை எனச் சொல்லும் மாணவர், தீர்ப்பின்படி சரியாகவே பேசுகிறார். ஆனால் அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போட எத்தனை ஆசிரியர்கள் துணிவார்கள்?