எல்லையோரமும் லேத் பட்டறையும்

நமது எருத்தேன்பதி, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் ஊர். 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் அமைந்தது. எல்லை இருந்தாலும், பிழைப்புக்குக் கோவைப் பக்கம் பார்ப்பது நின்றுவிடவில்லை.

கோவைப் பட்டறைகள் எப்படி வளர்ந்தன? 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நூற்பாலைகள் பெருகின. அவற்றுக்கு உதிரிபாகம் வேண்டும். அதற்கு வார்ப்படமும் லேத்தும் வேண்டும். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியும். அதன் தண்டைக் கடைந்த டர்னர் யார்? வரலாறு சொல்லவில்லை.

இரும்புச் சாமான் வியாபாரியான நான் பட்டறைகளில் கண்டது இது: தண்டின் அளவு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலே பேரிங் சரியாக உட்காராது. வெட்டும் உளி மழுங்கினால் சத்தம் மாறும்; தேர்ந்தவர் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். இன்று கணினி லேத் வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் காதுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

1961-இன் தொழிற்பழகுநர் சட்டம் பயிற்சிக்குச் சான்றிதழ் தந்தது. பார்த்துப் பழகியவருக்கோ கைதான் சான்று. ஊர் மாறினால் அதை யார் மதிப்பார்? ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த மிஷினில், எந்த ஆண்டு வேலை பார்த்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் தமிழர் வரலாறுதான்.