எழுத்தை ஆக்குதலும் அச்சை வார்த்தலும்

வீரமாமுனிவர் விழா மேடைகளில் ஒரு குழப்பம் அடிக்கடி நம் செவியில் விழுகிறது. தமிழுக்கு அச்செழுத்துத் தந்தவர் அவரே என்பர் சிலர். ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழெழுத்தையே உருவாக்கினார் என்பர் வேறு சிலர். இருவரையும் போற்றும் ஆர்வத்தில் இருவர் பணியையும் நாம் மாற்றி உரைக்கிறோம்.

ஹென்றிக்கஸ் அடிகளார் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள். அதன் இறுதிப் பக்கத்தில் இருவகை அச்சுகள் காட்டப்பட்டுள்ளன: 1577இல் கோவாவில் சேசு சபைச் சகோதரர் கொன்சால்வஸ் வார்த்தவை ஒன்று, 1578இல் கொல்லத்தில் ஃபரியா அடிகளார் வார்த்தவை மற்றொன்று. தோற்றத்தில் இவை வேறு வேறு. ஆயினும் கோவாவின் அகரமும் அகரமே. கொல்லத்தின் அகரமும் அகரமே. அச்சு இரண்டு, எழுத்து ஒன்று.

ஆகவே எழுத்திலிருந்த குறை இரண்டு அச்சிலும் இருந்தது. மெய்யின் மேல் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவின. எரிகின்ற ‘எரி’யும் நீர் நிறைந்த ‘ஏரி’யும் தாளில் ஒன்றே! அறிந்த சொல்லை இடம் நோக்கி உணரலாம். மறையின் புதுச் சொற்களை முதன்முறை காணும் முத்துக்குளித்துறை மக்கள் என் செய்வர்? அருகிருந்து ஒருவர் வாய்மொழியாகச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்குப் புள்ளியிடுமாறு தொல்காப்பியம் முன்பே விதித்திருந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என அஞ்சி அதை விட்டுவிட்டனர் என்பர். ஈயத்துக்கு அந்த அச்சம் இல்லையே! எனினும் வார்த்தோர் புள்ளியைச் சேர்க்கவில்லை. அவர்களை நாம் குறைகூறோம்; படிப்போர் கண்ணுக்குப் பழகியதை வார்ப்பதே அவர்தம் தொழிலறம்.

வேறுபடுத்த வேண்டிய ஒலி எது என முடிவு செய்வது வேறொரு பணி. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வீரமாமுனிவர் மேற்கொண்டது அதுவே. எகரத்தின் கீழே ஒரு கோடு இழுத்து ஏகாரம். ஒகரத்தின் அடியைச் சுழித்து ஓகாரம். ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக் கொம்பு. அழகுக்காக அன்று, பொருளுக்காகவே இம்மாற்றம். எந்த அச்சில் வார்த்தாலும், எவர் கையால் எழுதினாலும் அது நிற்கிறது.

1978இல் தமிழக அரசு பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. பெயர் எழுத்துச் சீர்திருத்தம். ஆனால் ஒலி வேறுபாடு ஒன்றையும் அது கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அச்சுக் கோப்போர்க்கும் தட்டச்சருக்கும் அதனால் சுமை குறைந்தது. தும்பிக்கை தூக்கிய பழைய ‘லை’யை எழுதிப் பழகிய நமக்குச் சிறிது வருத்தமே.

நம் பங்கில் பழைய சிலுவைப்பாதை நூலைப் படித்த பீடச்சிறுவன் ஒருவன் அந்தத் தும்பிக்கையைக் கண்டு நின்றுவிட்டான். ஒருமுறை சொன்னோம், எஞ்சிய தலங்களைத் தடையின்றிப் படித்து முடித்தான்.