தொண்டர் படையும் தோட்டத் தமிழரும்

தொண்டு என்னும் சொல் நம்மவரிடையே மலிந்து வழங்குகிறது. திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் தொண்டு. ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதும் தொண்டு. இவை நல்லனவே. ஆயினும் இவற்றில் கொடுப்பவன் மேலே நிற்கிறான். கொள்பவன் கீழே நிற்கிறான். கொடுப்பாரும் கொள்வாரும் ஒருவரேயாகி, ஒரு சமூகம் தன்னைப் பற்றிய கேட்டைத் தானே களைய முற்படுமாயின், அதுவே தொண்டின் தலைசிறந்த வகை என்பது எமது துணிபு. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1946-ஆம் ஆண்டில் கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையே தக்க சான்றாகும்.

அப்படை எழுந்த காரணத்தை அறிய வேண்டின், யுத்தத்திற்கு முற்பட்ட தோட்ட வாழ்வை நினைவுகூர்தல் அவசியம். பொழுது புலருமுன் பெரட்டு, நண்பகல் வரை பால்வெட்டு, பிற்பகலில் கள்ளுக்கடை. பள்ளிக்கூடம் பெயரளவில் நடந்த தோட்டத்திலும் கள்ளுக்கடை குறைவின்றி நடந்தது. அது சர்க்காரின் அனுமதி பெற்ற கடை. தோட்டக் கள்ளுக்கடையில் வரும் லாபத்தைத் தொழிலாளரின் நலனுக்கே செலவிட வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. தொழிலாளி தன் கூலியைக் குடித்துத் தீர்ப்பானாம். அதில் மிஞ்சும் லாபத்தைக் கொண்டு அவனுக்கு நலன் செய்வார்களாம்! குடலைக் கெடுத்துவிட்டு மருந்து கொடுக்கும் இந்த ஜீவகாருண்யத்தை என்னென்பது!

இக்கொடுமையைத் தொழிலாளர் உணராதிருந்தார் அல்லர். தாய்நாட்டில் 1921-இல் ஈரோட்டிலே கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்ற செய்தி தமிழுலகெங்கும் பரவியது. அப்பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து சுயமரியாதைக் கருத்துக்களை எடுத்துரைத்தார். 1937-இல் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. இச்செய்திகள் பத்திரிகை வாயிலாகத் தோட்டத்து லயங்களையும் எட்டின.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? கள்ளுக்கடைகளை மூடுக என்றனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி தருக என்றனர். துரைமாரையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவழக்கத்தை ஒழிக்க என்றனர். இவர்களுக்குத் துணைநின்ற ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். பின்னர்ப் பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர் மாண்டனர். கேட்டவை கிட்டவில்லை, ஆயினும் மானம் என்பது இன்னதென்று கண்டுகொண்டனர்.

அடுத்து வந்தது ஜப்பானியர் ஆட்சி. சயாம்–பர்மா ரயில் பாதைக்கென்று கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் காட்டிலே மடிந்தனர். அதே காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்து இளைஞர் சேர்ந்தனர்; ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர். கங்காணியின் குரலுக்கு நடுங்கி நின்றவர்கள் அணிவகுத்து நடக்கக் கற்றனர். 1945-இல் ராணுவம் கலைந்தது. கற்ற நடை கலையவில்லை.

அந்நடையே மறு ஆண்டு கெடாவில் தொண்டர் படையாக உருவெடுத்தது. பெடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டம் அதன் நடுவிடம்; ஏ. எம். சாமி என்பவர் அதன் தலைவர். பகலெல்லாம் மரம் வெட்டிய இளைஞர் வேலை முடிந்தபின் சீருடை அணிந்து அணிவகுப்புப் பழகினர். அவர்கள் எதிரியாகக் கொண்டது மனிதரையன்று, கள்ளை. குடியாதே என்று லயந்தோறும் பிரசாரம் செய்தனர். கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்தனர். குடியின் கேட்டை அடுப்படியில் அனுபவித்த பெண்களும் இக்கிளர்ச்சிக்குத் துணைநின்றனர். இவர்களுக்குச் சம்பளம் உண்டோ? பட்டம் உண்டோ? இல்லை. அரிசியும் துணியும் அரிதாயிருந்த அந்நாளில், அரைவயிற்றுடன் நின்று செய்த தொண்டு இது.

1947 பிப்ரவரி 28-ஆம் நாள் பெடோங் கள்ளுக்கடை முன்னர் மறியல் செய்தோருக்கும் போலீசாருக்கும் கைகலப்பு நேர்ந்தது. தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். சில நாட்களில் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் மோதல் மூண்டு பலர் சிறை சென்றனர். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் மேலும் ஓர் உயிர் போயிற்று. சாமியும் சிறைப்பட்டார். கள்ளைக் குடித்தவனுக்குக் காவல் இருந்தது. குடியாதே என்றவனுக்குச் சிறை இருந்தது!

தொண்டர் படையில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. குடித்தவரை நிறுத்தி விசாரித்துத் தண்டித்ததும் உண்டு. அறிவுறுத்தித் திருத்த வேண்டியவனை அடக்கித் திருத்த முயல்வது தொண்டாகாது. நல்ல நோக்கம் கொண்டோரும் அதிகாரத்தின் சுவை கண்டவுடன் வழி தவறுவர் என்பது தொண்டு செய்யப் புகுவார் யாவரும் நினைவில் கொள்ளற்பாலது. எனினும் அக்குறையைக் கொண்டு அவர் செய்த பெருஞ்செயலை மறைப்பது நேர்மையன்று.

1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. போராட்டச் சங்கங்கள் பல மறைந்தன. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் தோன்றியது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் கட்டினர். அப்பணத்தில் முதலில் வாங்கியது அதே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். கள்ளுக்கடைக்குப் போகாத காசு நிலமாகும் என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுமோ?

இனி, கிராணிமார் என்னும் எம் வகுப்பினரைப் பற்றி ஒரு வார்த்தை. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே எமக்கு நாற்காலி போடப்பட்டது. ஆங்கிலம் கற்றோம், சட்டத்தைப் படிக்க அறிவோம், விண்ணப்பம் எழுத வல்லோம். ஆனால் 1941-இல் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க மறுத்தது துரையின் முன்னால் மட்டுமன்று; எம் போன்றார் முன்னாலும்தான். கற்றவன் செய்யத்தக்க தொண்டு, மேலேயிருந்து கை நீட்டுவதன்று. நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் நிற்பதே.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரட்டுப் புத்தகத்தில் நாம் எழுதும் பெயர்களிற் பல இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். நம்மவர் பட்டணத்து ஓரங்களில் குடியேறினர். கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. வேடம் மாறிய பகை அது. ஆனால் எதிர்த்து நிற்கும் அணி எங்கே?

1946-இல் இருபது வயதில் அணிவகுத்தவர் இன்றிருந்தால் நூறு வயதை எட்டிக்கொண்டிருப்பர். தலைவரின் பெயர் சரித்திர நூலில் ஏறிவிட்டது. வரிசையில் நின்றவர் பெயர் பேரப்பிள்ளைகளின் நினைவில்தான் இருக்கிறது. தோழர்களே! உங்கள் வீட்டுப் பாட்டனும் பாட்டியும் சொன்னதை எழுதி வையுங்கள். எழுதியதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை உங்கள் தெருவுக்கென ஒதுக்குங்கள். பால்வெட்டி வந்த களைப்போடு அவர்கள் அதனைச் செய்தார்கள். நம்மால் இயலாதென்று சொல்ல நமக்கு வாயுண்டோ?