கூல்: பாலைவனத்திலிருந்து பகடை மேசைக்கு

ஹற்றனில் மழையும் பனியும் சேர்ந்து இறங்கிய ஒரு டிசம்பர் மாலை. தங்கச்சியின் மகன் கூட்டாளிமாரோடு மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டு. கையிலிருந்த விதிப்புத்தகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"மாமா, கூல் எண்டது அரபுச் சொல்லாம், மெய்யா? செத்தவன் எழும்பி வந்து மய்யத்த திங்கிறதாம்."

"சொல் அரபுதான். ஆனா அது செத்தவனில்ல" என்றேன். அந்தப் பதிலை விரித்துச் சொல்வதே இக்கட்டுரை.

தமிழறிந்தவருக்கு உடனே 'கூளி' நினைவுக்கு வரும். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களப் பிணங்களைக் கூழாக்கி உண்கின்றன. ஆனால் ஓசை ஒற்றுமையை வைத்து உறவு கட்டக்கூடாது. அரபுச் சொல்லின் வேர், எதிர்பாராத நேரத்தில் பற்றி அழிப்பதைக் குறிப்பது.

பழைய அரபிகளின் கூல், ஜின் இனத்தைச் சேர்ந்தது, உயிருள்ளது. பாலைவனத்தில் உருமாறி வழிப்போக்கரைத் திசைதிருப்பும். எந்த உருவம் எடுத்தாலும் கழுதைக் குளம்பு மட்டும் மாறாது என்ற நம்பிக்கையை, 956இல் காலமான மஸ்ஊதி பதிந்துள்ளார். அவருக்கு முன்பே ஜாஹிள், தமது உயிரினங்கள் பற்றிய நூலில், ஆசிரியர் நள்ளாமின் விளக்கத்தைத் தருகிறார்: வனாந்தரத்தில் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரிதாகத் தெரியும், இல்லாத ஓசை கேட்கும். பனி மூடிய தேயிலை மலையில் இரவில் தனியே நடந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோட்டத்தார் முனி என்பதும், சிங்கள அயலவர் மகசோனா என்பதும் இத்தகைய இருட்டில்தான்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் கூலை மறுக்கிறது. திர்மிதியிலோ, அபூ ஐயூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் பேரீச்சம்பழத்தைத் திருட வந்த கூல் பிடிபட்டு, ஆயத்துல் குர்ஸியின் பயனைச் சொல்லிவிட்டுப் போகிறது. மறுக்கப்பட்டது அதன் இருப்பல்ல, மனிதரை வழிகெடுக்க அதற்குச் சுயசக்தி உண்டென்ற நம்பிக்கையே என்று அறிஞர்கள் இரண்டையும் பொருத்தினர். இவ்விரு இடங்களிலும் மையவாடி இல்லை, மய்யத்து இல்லை.

மையவாடிக்கு அது போனது பாரிஸ் வழியாக. அந்துவான் கலான் 1704 முதல் 1717 வரை ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். அதிலுள்ள சீதி நுஃமான் கதையில், மணப்பெண் இரவில் கூலோடு சேர்ந்து புதைகுழியைத் தோண்டி உண்கிறாள். இக்கதைக்குப் பழைய அரபு மூலப்பிரதி இல்லை. ஹலப் நகரத்து ஹன்னா தியாப் 1709இல் கலானுக்குச் சொன்ன கதைகளில் ஒன்று இது. 1786இல் பெக்ஃபோர்டின் வாதெக் நாவல் ஆங்கில வாசகரிடம் இப்பேயைக் கொண்டுசேர்த்தது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இவ்விளையாட்டை வெளியிட்டபோது, கூல் தானே எழும்பிவந்த பிணமாகிவிட்டது. தொட்டால் உடல் மரத்துப்போகும். எல்ஃப்களுக்கு மட்டும் விலக்கு. அது கொன்ற மனிதனும் கூலாவான்.

ஆக, வழிமறித்த ஜின் பிணந்தின்னியாகி, கடைசியில் பிணமே பேயாயிற்று. பயம் மெல்ல மெல்ல மய்யத்தின் மேல் இறங்கியிருக்கிறது.

இதை வெறும் விளையாட்டென்று என்னால் கடந்துபோக முடியவில்லை. 2020 ஏப்ரலில் நமது நாட்டில் கொவிட் மய்யத்துகள் எரிக்கப்பட வேண்டுமென வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். மண்ணுக்குள் கிடக்கும் உடல் வெளியே வந்து உயிரோடிருப்பவரைத் தாக்கும் என்பது, விஞ்ஞானச் சட்டை போட்ட பேய்க்கதையல்லாமல் வேறென்ன? மய்யத்தின் எலும்பை முறிப்பதையும் உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாக்கிய மார்க்கத்தினர், பிள்ளைகளின் ஜனாஸாவையும் எரியக் கொடுத்தார்கள். 2021 பெப்ரவரியில் அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிந்தவர்களுக்குக் கபுறு இல்லை.

மருமகனிடம் விளையாட வேண்டாமென்று நான் சொல்லவில்லை. "கூட்டாளிமாருக்கு அது எங்கிருந்து வந்ததெண்டு சொல்லு" என்றேன். கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப மய்யத்துக்குப் பயப்படத் தேவல்ல, என்ன மாமா?"

"தேவல்ல மகன். குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுவிக்கத்தான் வேணும்."