வெண்மையெல்லாம் குட்டம் அன்று

தோலில் வெளிறிய திட்டு ஒன்று தோன்றினால் போதும், 'குட்டம்' என்று ஊரார் தீர்ப்பளித்துவிடுகின்றனர். மருத்துவர் பார்க்குமுன்பே மணப்பேச்சு முறிந்துவிடுகிறது. இத்தீர்ப்பு எத்துணை அவசரமானது என்பதைக் கொல்லிமலையில் தொடங்கும் ஒரு வரலாறு உணர்த்தும்.

அம்மலையில் சமயப்பணியோடு மருத்துவப்பணியும் ஆற்றிய ஆங்கிலேயர் ஜெஸ்ஸி பிராண்ட். அவர் மகன் பால் பிராண்ட் 1914-இல் அங்கே பிறந்தார். தொழுநோயாளர் மூவர் நாடி வந்தபோது, தந்தை கையுறை அணிந்து அவர்தம் புண்களைக் கழுவிக் கட்டியதைச் சிறுவன் கண்டான். தந்தை 1929-இல் காய்ச்சலால் மறைந்தார். 1946-இல் அறுவை மருத்துவராக வேலூர் வந்த மகன், நோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை என்று கண்டார். நரம்பு கெட்டு வலியுணர்வு அற்றுப்போவதால், கவனிக்கப்படாத காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று விளக்கினார்.

ஆகவே இந்நோயை அறியக் கண் மட்டும் போதாது. தொட்டும் பார்த்தல் வேண்டும். தொழுநோய்த் திட்டு வெளிறியோ சிவந்தோ இருக்கும். பெரும்பாலும் அங்கே உணர்வு குன்றியிருக்கும். வெண்புள்ளியோ பால்போல் வெளுத்திருக்கும், உணர்வு குன்றாது, பிறரைத் தொற்றாது. ஆயினும் முகத்தில் தோன்றும் தொழுநோய்த் திட்டில் உணர்வு எஞ்சியிருக்கக் கூடும். ஐயம் எழுந்தால், 1873-இல் ஹான்சன் கண்டறிந்த கிருமியை நுண்ணோக்கியில் தேடுவர்.

மரத்துப்போவதெல்லாம் தொழுநோயும் அன்று. 1950-களின் தொடக்கத்தில் இலண்டனில் ஓரிரவு, தம் குதிகாலில் ஊசியால் குத்தியும் வலிக்காததால், தமக்கும் நோய் தொற்றியதென்று பிராண்ட் உறக்கமின்றிக் கலங்கினார். விடிந்தபின் குத்தினார்; வலித்தது! நெடும்பயணத்தில் நரம்பு அழுந்தியதே காரணம். தேர்ந்த மருத்துவரே ஏமாறுமிடத்தில் நாம் தீர்ப்புக் கூறலாமா?

அரபு மொழியில் தொழுநோய்க்கு 'ஜுதாம்' என்றும் வெண்படைக்குப் 'பரஸ்' என்றும் வெவ்வேறு பெயர்கள் உள்ளன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடிய பிணிகளுள் இரண்டும் தனித்தனியே இடம்பெறுகின்றன. 1037-இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனாவும் இவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். நாமோ 'வெண்குட்டம்' என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் பிணைத்துவிட்டோம்.

தொழுநோயாளரும் விலக்கத்தக்கவர் அல்லர். 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்து அந்நோயையும் குணப்படுத்துகிறது. காலத்தே தொடங்கினால் ஊனமும் நேராது. திட்டைக் கண்டு மறைப்பதும் பழிப்பதும் அக்காலத்தை வீணாக்குகின்றன. ஐயம் தோன்றிய அன்றே மருத்துவரை நாடுவதுதான் அறிவுடைமை. அதுவே நம் மக்களுக்கு நாம் செய்யும் நீதியுமாகும்.